இழுத்துச் சென்ற பார்ஜில் நீர் புகுந்தது: டெக் ஆட்களின் பார்வையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

50 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் உள்ள தட்டை டெக் பார்ஜ் அது. சொந்த எஞ்சின் கிடையாது, இழுத்துச் செல்லும்போது அதன் மேல் ஆளும் கிடையாது. அலைத்தடுப்புச் சுவர் கட்டும் வேலைக்கான பாறைகளை அதன் டெக்கில், அதாவது மேல்தளத்தில் ஏற்றி, எங்கள் டக் (இழுவைக் கப்பல்) நீண்ட வயரில் இழுத்துக்கொண்டு போகும். டக்கில் கேப்டன், மேட், எஞ்சினியர்கள் இருவர், போசன், ஏபி இருவர், ஓஎஸ் ஒருவர். மேட்டாக இருந்தது நான். கப்பல் பக்கம் பழக்கமில்லாதவர்களுக்காக: மேட் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, போசன் டெக் ஆட்களுக்குத் தலைவர், ஏபி என்பது அனுபவமுள்ள மாலுமி, ஓஎஸ் தொடக்க நிலை. இந்த ஓஎஸ் கடலுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது.

டெக்குக்குக் கீழே பார்ஜ் முழுக்க வெற்று இரும்பு அறைகள். நீளவாக்கில் ஐந்து, அகலவாக்கில் மூன்று, ஆக 15. வாய்ட் டேங்க் என்போம். உள்ளே எதுவும் இருக்காது, இருக்கவும் கூடாது. பார்ஜை மிதக்க வைப்பதே அந்த வெற்றிடம்தான். ஒவ்வொன்றுக்கும் ஆள் இறங்க ஒரு மேன்ஹோல், உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று அளக்க ஒரு சவுண்டிங் பைப், காற்றுப் போக ஒரு வென்ட். புறப்படும் முன் டெக் ஆட்கள் செய்யும் வேலைகளில் பெரிய பகுதி இவற்றைச் சுற்றித்தான்: மேன்ஹோல் மூடியின் நட்டுகள் எல்லாம் முறுக்கியிருக்கிறதா, கேஸ்கட் நசுங்கிப் போயிருக்கிறதா, பைப் மூடிகள் இருக்கிறதா என்று பார்ப்பது, சவுண்டிங் ராடை இறக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது. அப்புறம் இழுவைச் சங்கிலி, அதை மாட்டும் ஷேக்கிள்களின் (இணைப்பு வளையங்கள்) ஊசி, பார்ஜின் விளக்குகள்.

அன்று காலை போசனும் ஓஎஸும் 15 டேங்கிலும் சவுண்டிங் எடுத்தார்கள். எல்லாம் உலர்ந்திருந்தது, பதிவேட்டில் அப்படியே எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் பாறை ஏற்றினார்கள். ஏற்றி முடிக்கும்போது மாலையாகிவிட்டது. இன்னொரு தடவை ராடைப் போட்டுப் பார்க்கலாமா என்று போசன் கேட்டார், ஆனால் ஏற்றும் வேலையைக் கவனித்த கரைத் தரப்பு அடுத்த பார்ஜுக்கு இடம் வேண்டும் என்று அவசரப்படுத்தியது. இரண்டு பக்கமும் நீர்மட்டத்துக்கு மேல் 70 சென்டிமீட்டர் தெரிந்தது, பார்ஜ் நேராக மிதந்தது. மாலை 6 மணி வாக்கில் புறப்பட்டோம்.

காலையில் காலியாக இருந்த பார்ஜின் அடிப்பகுதி நீருக்குள் 60 சென்டிமீட்டர்தான் இறங்கியிருந்தது. பாறை ஏற்றியதும் 2.3 மீட்டர். காலையில் எடுத்த சவுண்டிங் சரியானதுதான், ஆனால் அப்போது நீருக்கு மேலே இருந்த ஒன்றரை மீட்டர்க்கும் அதிகமான தகட்டைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

முதலில் கண்ணில் பட்டது

நள்ளிரவு முதல் காலை 6 வரை என் வாட்ச், அதாவது கண்காணிப்பு முறை. கூடவே ஒரு ஏபி. இரவு வாட்ச் இருந்ததால் மதியம் ஏற்றும் வேலைக்கு அவரை விடாமல் கேப்டன் தூங்க அனுப்பியிருந்தார். மற்ற எல்லாரும் வெயிலில் நின்ற நாள் அது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், 7 நாளில் 77 மணி நேரம் ஓய்வு என்று சொல்கிறது. தாளில் அந்தக் கணக்கைச் சரிக்கட்டுவது எளிது. நிஜமாகவே தூங்கி எழுந்த ஒருவர் அன்று பாலத்தில் (கப்பலை ஓட்டும் மேல் அறை) நின்றதைத்தான் இந்த நிகழ்வில் மிக முக்கியமான விஷயமாக நான் நினைக்கிறேன்.

இழுக்கப்படும் கலமும் இரவில் பக்க விளக்குகளும் பின் விளக்கும் காட்ட வேண்டும் என்பது மோதல் தடுப்பு விதி 24. ஆகவே டக்கிலிருந்து பின்னால் பார்த்தால் பார்ஜின் முன்முனையில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை தெரியும். இரண்டும் ஒரே உயரத்தில் பொருத்தப்பட்டவை. அதிகாலை 2 மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஏபி பைனாகுலரை வைத்துக்கொண்டு நெடுநேரம் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "சார், சிவப்பு தாழ்ந்து தெரியுது. அலைக்கு ஆடுனா திரும்ப நேரா வரணும்ல? இது ஆடிட்டு மறுபடியும் அதே பக்கம்தான் வந்து நிக்குது."

அவர் ஒரு பார்வையில் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து ஆட்டங்களைப் பார்த்து, ஒவ்வொரு ஆட்டத்தின் நடுநிலை எங்கே என்று கவனித்துவிட்டுத்தான் சொன்னார். சிவப்பு என்றால் போர்ட் பக்கம், அதாவது பார்ஜின் இடது பக்கம். நானும் பார்த்தேன். சந்தேகமில்லை. கேப்டனை எழுப்பினேன்.

இருட்டில் எடுத்த முடிவுகள்

கேப்டன் முதலில் வேகத்தைக் குறைத்தார். வேகமாக இழுத்தால் பார்ஜின் டெக்கில் தண்ணீர் ஏறும், தாழ்ந்த பக்கத்தில் இன்னும் அதிகமாக ஏறும். முழுக்க நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் வயர் கீழே தொங்கி அடியைத் தொடும், பார்ஜ் டக்கின் மேலேயே வந்து சேரும். போர்ட் பக்கத்துக்குக் காற்று மறைவு கிடைக்கும்படி திசையை மாற்றினார். கரைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தகவல் கொடுத்தோம்.

இழுவை வயரைப் பிடித்திருக்கும் டோ வின்ச்சின் அவசர விடுவிப்பை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அதன் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தினோம். பார்ஜ் மூழ்க ஆரம்பித்தால் வயர் டக்கையும் இழுத்துக்கொண்டு போகும். வயரை விட்டுவிடும் முடிவைக் கேப்டன் எடுப்பார், ஆனால் கையை வைத்துக்கொண்டு நிற்பது டெக் ஆள். அந்த ஆளுக்கு எந்த நிலையில் விடப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கேப்டன் அதை வாயால் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தார்.

பெரிய கேள்வி, உடனே பார்ஜில் ஏறுவதா என்பதுதான். போசன் ஏறலாம் என்றார். அவருடைய வாதத்தில் நியாயம் இருந்தது: நேரம் போகப் போகத் தண்ணீர் கூடும். கேப்டன் விடியும் வரை காத்திருக்கலாம் என்றார். அலையில் ஆடும் சிறு படகிலிருந்து பார்ஜின் ஏணிக்குத் தாவுவது பகலிலேயே டெக் ஆட்கள் செய்யும் வேலைகளில் மிக ஆபத்தானது; இடையில் விழுந்தால் இரண்டு இரும்புக்கும் நடுவில் நசுங்கவேண்டியதுதான். அதோடு சாய்வு மெதுவாகத்தான் கூடுகிறது என்பதை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துவந்ததில் தெரிந்தது. திடீரென்று கூடினால் யாரும் ஏறப்போவதில்லை, வயரை விடுவது மட்டும்தான் என்று முடிவு செய்தோம். பார்ஜ் போனால் போகட்டும், ஆள் போகக்கூடாது என்று கேப்டன் எல்லார் முன்னாலும் சொன்னார். முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்பதால் அந்த வார்த்தைக்கு எடை இருந்தது.

எதிர்ப்பக்க டேங்கில் தண்ணீர் விட்டு நேராக்கலாமே என்ற யோசனையும் வந்தது. காரணம் தெரியாமல் அதைச் செய்தால் மிச்சமிருக்கும் மிதப்பையும் நாமே குறைத்துக்கொள்வோம், பாதி நிறைந்த டேங்குகள் இரண்டாகி உள்ளே தண்ணீர் அலைபாய்ந்து சமநிலையை இன்னும் கெடுக்கும். வேண்டாம் என்று விட்டோம்.

பார்ஜின் மேல்

வெளிச்சம் வந்ததும் போசன், இன்னொரு ஏபி, ஓஎஸ் மூவரும் ரெஸ்க்யூ படகில் போய்ப் பின்பக்க ஏணி வழியாக ஏறினார்கள். போர்ட் பக்கம் தாழ்ந்திருந்ததால் ஏற எளிது, ஆனால் அலை அங்கேதான் ஏறிக்கொண்டிருந்தது. மூவரிடமும் லைஃப் ஜாக்கெட், ரேடியோ. போசனிடம் நீண்ட உறிஞ்சுகுழாய் வைத்த கேஸ் மீட்டர்.

போர்ட் பக்கத்தில் முன்னாலிருந்து மூன்றாவது டேங்கில் சவுண்டிங் 1.2 மீட்டர். அந்த அறையின் தரை 10 மீட்டருக்கு 5 மீட்டர், ஆகவே 60 கனமீட்டர் கடல்நீர், எடை 61 டன்னுக்கு மேல். மற்ற 14 டேங்கிலும் பார்த்தார்கள், உலர்ந்திருந்தன. இது ஆறுதலான செய்தி: அறைகளுக்கு இடையிலான தடுப்புகள் தாங்குகின்றன. பார்ஜ் 2 டிகிரி அளவு சாய்ந்திருந்தது, போர்ட் பக்கம் 70 சென்டிமீட்டர் இருந்த இடத்தில் பாதிதான் மிச்சம். அந்த விளிம்பு நீருக்குள் போனால் நிமிர்த்தும் சக்தி சட்டென்று குறையும், அதன் பிறகு பாறைகளும் சரிய ஆரம்பிக்கும்.

மேன்ஹோலைத் திறந்து, டெக்கில் இருந்த டீசல் பம்பின் உறிஞ்சு ஹோஸை உள்ளே இறக்கி வெளியேற்றுவது என்று முடிவானது. மேன்ஹோலுக்கு உயர்ந்த விளிம்பு இருந்தது, அலை அதைத் தாண்டவில்லை. பம்பை மேன்ஹோலிலிருந்து தள்ளி, காற்று அடித்துப் போகும் பக்கமாக வைத்தார்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு டேங்குக்குள் இறங்கிவிடக்கூடாது. யாரும் உள்ளே இறங்கும் பேச்சே இல்லை. ஆனாலும் போசன் மீட்டரை இறக்கிப் பார்த்தார். வாய்ப்பகுதியில் ஆக்ஸிஜன் 20.4 சதவீதம். நடுவில் 13.8. தண்ணீருக்குச் சற்று மேலே 9.6.

வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருக்கும். மூடிய இரும்பு அறையில் துரு பிடிப்பதே காற்றிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்றுதான். கடல்நீர் உள்ளே வந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். நச்சு வாயு எதுவும் தேவையில்லை, நாற்றமும் இருக்காது. மூச்சுத் திணறும் உணர்வு உடம்புக்குப் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருவது, ஆக்ஸிஜன் குறைவதால் அல்ல. அதனால் இறங்கும் ஆளுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றுவதற்கு முன்பே கால் தளர்ந்துவிடும். 10 சதவீதத்துக்குக் கீழே மயக்கம் வந்துவிடும், இன்னும் குறைந்தால் ஓரிரு மூச்சே போதும்.

போசன் இந்த எண்களை ரேடியோவில் எனக்குச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். போசன் பக்கத்தில் நின்ற ஏபிக்கும் கேட்டது. ஓஎஸ் அப்போது 20 மீட்டர் தள்ளி, தண்ணீரை வெளியே விடும் டிஸ்சார்ஜ் ஹோஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மேன்ஹோல் ஓரத்தில்

6.30 மணி வாக்கில் பம்ப் ஓட ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் நன்றாக ஓடியது. அப்புறம் உறிஞ்சுவது நின்றது. துருச் செதில்கள் உறிஞ்சு ஹோஸின் முனையிலிருந்த வடிகட்டியை, ஸ்ட்ரெய்னரை, அடைத்துவிட்டன. ஏபி பம்பை நிறுத்தப் போனார், போசன் டிஸ்சார்ஜ் பக்கம் குனிந்திருந்தார். ஓஎஸ் மேன்ஹோலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்ட்ரெய்னர் தண்ணீருக்குள் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே ஏணி இருந்தது. நாலு படி இறங்கிக் கையை விட்டால் போதும். விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டார்.

போசன் நிமிர்ந்து பார்த்தது அந்த நொடியில். கத்தவில்லை என்று பிறகு சொன்னார். கத்தினால் பையன் திடுக்கிட்டுக் கீழே போயிருப்பான் என்று பயந்தாராம். இரண்டே எட்டில் போய் லைஃப் ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டார்.

ஹோஸை மேலே இழுத்து, செதில்களைத் தட்டி எடுத்து, ஸ்ட்ரெய்னரைச் சுற்றி ஒரு வலைத்துண்டைக் கட்டி மறுபடி இறக்கினார்கள். பத்து நிமிட வேலை. அதன் பிறகு அடைக்கவே இல்லை.

ஓஎஸிடம் மறுநாள் கேப்டனும் நானும் பேசினோம். திட்டுவதற்காக அல்ல, ஏன் என்று தெரிந்துகொள்ள. "போன வாரம் துறைமுகத்துல இதே மாதிரி டேங்க்லதான சார் இறங்கி சுத்தம் பண்ணோம்" என்றார். உண்மைதான். அந்த டேங்கை முந்தின நாளே திறந்து, காற்று செலுத்தும் ப்ளோயர் போட்டு, அளந்து, அனுமதிச் சீட்டு எழுதி வைத்திருந்தார்கள். அவர் வேலைக்கு வந்தபோது அதெல்லாம் முடிந்திருந்தது. அவர் பார்த்தது திறந்த ஒரு மேன்ஹோலையும் இறங்கும் ஆட்களையும் மட்டும்தான். பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார், மூடிய அறை ஆபத்து என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்வார். இந்த மேன்ஹோலுக்குள் 9.6 என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

மேலே ரேடியோ வழியாகப் பாலத்துக்குப் போன எண், பக்கவாட்டில் 20 மீட்டர் போகவில்லை. அனுமதிப் படிவம், பதிவேடு, ரேடியோ எல்லாமே தகவலை மேலதிகாரியிடம் கொண்டுபோகும்படிதான் அமைந்திருக்கின்றன. ஆனால் மேன்ஹோலின் ஓரத்தில் நிற்பவர் மேலதிகாரி இல்லை. உயிரைக் காக்கும் எண் அவரிடம்தான் முதலில் இருக்க வேண்டும்.

போசன் இன்னொன்றும் சொன்னார், அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அவன் உள்ள விழுந்திருந்தா நான் சும்மா நின்னிருப்பேன்னு நெனைக்கிறீங்களா சார்? நானும் குதிச்சிருப்பேன்." முப்பது வருடம் கடலில் இருந்தவர், விதியெல்லாம் தெரிந்தவர். மூடிய அறை விபத்துகளில் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து சாவது இப்படித்தான். பார்ஜின் மேல் சுவாசக் கருவியும் இல்லை, அது டக்கில் இருந்தது.

பிறகு நடந்தது

பம்ப் ஓட ஓட மெதுவாக அருகிலிருந்த மறைவான நங்கூரத் தளத்துக்கு இழுத்துச் சென்றோம். மதியம் அங்கே சேர்ந்தபோது டேங்கில் ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம், சாய்வு ஏறக்குறைய போயிருந்தது. டைவர் இறங்கிப் பார்த்தார். முட்டு வாங்குவதற்கான டயர் ஃபெண்டர் தொங்கும் இரும்புத் தாங்கியின் வெல்டிங் ஓரமாக 30 சென்டிமீட்டர் நீள விரிசல், நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே. மரக் கட்டைகளை அடித்து அடைத்தார். காலி நிலையில் அந்த இடம் நீருக்கு மேலேயே இருக்கும், ஆனால் டயர் மறைத்துக்கொள்ளும். 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இந்த அளவு விரிசல் வழியாக மணிக்கு 5, 6 கனமீட்டர் வரும். புறப்பட்டதிலிருந்து விடியும் வரையான கணக்கோடு அது பொருந்துகிறது.

பாறைகளை இறக்கிய பிறகு அந்த டேங்கை முறையாகத் திறந்தார்கள். இரவு முழுக்க ப்ளோயர், மூன்று உயரத்திலும் நிலையாக 20.9, மேன்ஹோல் வாயில் ஒருவர் காவல், சுவாசக் கருவி தயார் நிலையில். ஓஎஸை இந்தத் தடவை முதல் அளவெடுப்பிலிருந்தே கூட வைத்துக்கொண்டோம், மீட்டரை அவர்தான் இறக்கினார். உள்ளே தகடு ஏடு ஏடாகத் துருப்பிடித்திருந்தது. தாங்கியை ஒட்டுத்தகடு எதுவும் வைக்காமல் நேராகவே பார்ஜின் தகட்டில் வெல்ட் செய்திருக்கிறார்கள். டக் வந்து முட்டும் ஒவ்வொரு முட்டும் அந்தத் தகட்டின் மேலேயே இறங்கியிருக்கிறது.

மாற்றியவை, இன்னும் மாற வேண்டியவை

ஏற்றிய பிறகு மறுபடி எல்லா டேங்கிலும் சவுண்டிங் எடுக்காமல் வயரை இறுக்குவதில்லை. 15 டேங்குக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. பதிவேட்டில் அளவோடு அப்போதைய மிதப்பு ஆழத்தையும் எழுதுகிறோம். எந்த நிலையில் எடுத்தது என்று தெரியாத சவுண்டிங்கை நம்ப முடியாது. இரவு வாட்சில் பார்ஜின் இரண்டு விளக்குகளையும் மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறிப்பதை வழக்கமாக்கினோம். அந்த ஏபிதான் மற்றவர்களுக்கு எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார்.

உள்ளே யாரும் இறங்காத வேலையாக இருந்தாலும், மேன்ஹோல் திறந்தால் அதன் மேல் கம்பிச் சட்டம் போட வேண்டும், ஹோஸ் மட்டும் நுழையும் இடைவெளியோடு. எஞ்சினியர் இரண்டு செய்து கொடுத்தார். இதைத்தான் நான் மிகவும் நம்புகிறேன், ஏனென்றால் களைத்துப்போன ஆளுக்கு ஞாபகம் இருக்க வேண்டிய அவசியமில்லை. மீட்டர் காட்டும் எண்ணைச் சாக்கட்டியால் மேன்ஹோல் பக்கத்திலேயே டெக்கில் பெரிதாக எழுத வேண்டும், நேரத்தோடு. அந்த இடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அதைப் படித்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பயிற்சியிலும் மாற்றம். சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) விதிக்கு உட்பட்ட கப்பல்களில் 2015 முதல், மூடிய அறைகளுக்குள் இறங்கும் பொறுப்புள்ளவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அங்கே நுழைவதற்கும் மீட்பதற்கும் பயிற்சி செய்ய வேண்டும், 2016 ஜூலை முதல் கையடக்க கேஸ் மீட்டரும் கட்டாயம். சிறிய டக்குகளையும் ஆளில்லா பார்ஜுகளையும் அந்த விதி எப்போதும் எட்டுவதில்லை. நாங்கள் எப்படியும் செய்கிறோம், ஆனால் இப்போது பொம்மையை உள்ளே போட்டு மீட்பதற்கு முன்னால், முதலில் பார்ப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று உதவி கேட்பதைத்தான் பயிற்சி செய்கிறோம். கடினமான பகுதி அதுதான். பார்ஜில் ஏறும் குழுவோடு சுவாசக் கருவி ஒன்றும் மீட்புக் கயிறும் போகிறது. கனம், படகில் இடம் அடைக்கும், இருந்தாலும் போகிறது.

ஃபெண்டர் தாங்கிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒட்டுத்தகடு வைக்கச் சொல்லி பார்ஜ் உரிமையாளருக்கு எழுதினோம். போர்ட் பக்கம் முடிந்துவிட்டது. மறுபக்கத்தில் நான்கு தாங்கிகள் அடுத்த உலர்துறைக்குக் காத்திருக்கின்றன, அதுவரை ஒவ்வொரு தடவை காலியாகத் திரும்பும்போதும் ஓர் ஆள் டயரைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் பின்னால் டார்ச் அடித்து வெல்டிங்கைப் பார்க்கிறார். ஏற்றும் இடத்தில் சவுண்டிங்குக்கான அந்த முக்கால் மணி நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது என்ற பேச்சு மட்டும் கரைத் தரப்போடு இன்னும் முடியவில்லை.